கத்தரி படாத ரத்தம்

இபாதான் நகரத்தின் வடக்கு எல்லையில், பழைய லாரிகள் நிற்கும் மைதானத்தில், வியாழக்கிழமைதோறும் கடவுள் கத்தரிக்கோலோடு இறங்கி வருகிறார் என்று வானொலி சொன்னது. வானொலி பொய் சொல்லுமா? அதுவும் ஒரு மணி நேரத்தில் ஆறு முறை சொன்னால்?

"வெளிநாட்டுல விஞ்ஞானி மரபணுவை வெட்டுறான்! ஆளுக்கு இருபது லட்சம் டாலர்! ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா கிடக்கணும்! இங்க நம்ம தீர்க்கதரிசி டாக்டர் எல்கானா வெட்டுறாரு! நாற்பதாயிரம் நைரா! நின்னபடியே வெட்டிக்கிட்டு நடந்தே வீட்டுக்குப் போகலாம்!"

இதில் முன்பாதி முழுக்க உண்மை. அரிவாள் செல் நோய்க்கு அப்படியொரு சிகிச்சையை நிஜமாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். நல்ல பொய்க்கு எப்போதும் ஓர் உண்மை முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்து விடுகிறது. பின்பாதி அந்தக் கதவு வழியே நுழைந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறது.

மைதானம் நிரம்பி வழிந்தது. அக்காரா என்னும் பயறு வடை பொரிக்கும் எண்ணெய் வாசம், தண்ணீர்ப் பொட்டலம் விற்பவர்களின் கூச்சல், நாலு ஒலிபெருக்கி. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ள விரல் நீளத் தங்கக் கத்தரிக்கோல்கூட விற்றார்கள். அதை வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரருடைய ரத்தத்தையும் லேசாகச் சீவி விடலாமாம்.

வரிசையில் கெஹிண்டேயும் டைவோவும் நின்றார்கள். ஒரே முகம், ஒரே உயரம், ஒரே மஞ்சள் உடை. இரட்டையர். முதலில் பிறந்தவள் டைவோ. ஆனாலும் கெஹிண்டேதான் அக்கா. யொருபாக்காரர் கணக்கு அப்படி. வயிற்றுக்குள் இருக்கும் மூத்தவள், 'நீ போய் உலகம் நல்லா இருக்கான்னு பார்த்துட்டு வா' என்று இளையவளை முன்னால் அனுப்பி வைப்பாளாம்.

அந்த ஊரில் காதலிப்பவர்கள் முதலில் பெயரைக் கேட்பார்கள், பிறகு ரத்தத்தின் எழுத்தைக் கேட்பார்கள். புத்திசாலிகள் வரிசையை மாற்றிக் கேட்பார்கள். ஏஏ என்றால் தொல்லையில்லை. ஏஎஸ் என்றால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஏஎஸ்ஸும் ஏஎஸ்ஸும் கல்யாணம் செய்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு எஸ்எஸ் ஆகிற ஆபத்து உண்டு. எஸ்எஸ் என்றால் அந்த அரிவாள் செல் நோய்; எலும்புக்குள் நெருப்பு வைத்தது போல வலி. டைவோ மூன்று வருஷம் காதலித்துவிட்டு எழுத்தைக் கேட்டவள். அவளும் ஏஎஸ், அவள் காதலன் அகின்லாபியும் ஏஎஸ். தாளைப் பார்த்த போதகர், "இந்தத் தாளோட என்னால கல்யாணம் நடத்த முடியாது, மகளே" என்று சொல்லிவிட்டார். உறவுக்காரர் நூற்று நாற்பது பேர் அந்த ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்கென்று ஒரே மாதிரி நீலத் துணி வாங்கியாகிவிட்டது. அதில் பாதியைக் கெஹிண்டே தைத்தும் முடித்துவிட்டாள், அவள் தையல்காரி.

அதனால்தான் டைவோவுக்குக் கத்தரிக்கோல்; ஜோடியில் ஒருவர் ஏஏ ஆனாலே போதும்.

முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உங்கள் எழுத்து என்ன?' டைவோ 'ஏஎஸ்' என்று எழுதினாள். பிறகு பக்கத்துக் கூடாரத்தில் விரலைக் குத்தி, வெள்ளைத் துணி மூடிய ஒரு மெஷினைக் குர்ரென்று ஓட விட்டார்கள். முடிவு வந்தது: ஏஎஸ்.

"நாம எழுதிக் கொடுத்ததையே படிச்சுச் சொல்லுதுடி," என்றாள் கெஹிண்டே. "மெஷினுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுது, பரவாயில்ல."

"வாயை மூடு. நீ பேசினா எனக்குப் பலிக்காம போயிடும்."

மேடையில் எல்கானா தோன்றினார். வெள்ளைக் கோட்டு, பொன்னிறச் செருப்பு, முழங்கை நீளத்தில் தங்கக் கத்தரிக்கோல். டைவோவின் தலையைச் சுற்றி மூன்று முறை காற்றை வெட்டினார்.

"எஸ் என்னும் எழுத்தே! வெளியே போ! ஏ என்னும் எழுத்தே! உள்ளே வா!"

எழுத்துகள் அவசரமாக இடம் மாறிக்கொண்டன. கூட்டம் "ஆமென்!" என்று அதிர்ந்தது. எட்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதில் இருவர் போன வாரமும் அதே இடத்தில் விழுந்தவர்கள்.

கெஹிண்டேயின் கண் கத்தரிக்கோலை விட்டு நகரவில்லை. "அது துணி வெட்டுற கத்தரிடி. நான் வாங்குற அதே கடை. மேல தங்கச் சாயம் பூசியிருக்காங்க, அவ்வளவுதான்."

அடுத்த வியாழன் வந்து மறுபரிசோதனை செய்துகொண்டு, 'ஏஏ' என்று மூன்று முத்திரை குத்திய தாளை வாங்கிப் போகலாம் என்றார்கள்.

தையல் கடையில் அபேக்கே காத்திருந்தாள். அகின்லாபியின் தங்கை. எஸ்எஸ். இருபத்து நாலு வயது; முழங்கால்மேல் வெந்நீர்ப் பை; நாக்குமேல் மிளகாய்.

"என்ன அண்ணி, வெட்டியாச்சா? எனக்குப் போன வருஷமே வெட்டிட்டாரு. தாளு இங்கேயே இருக்கு பாருங்க, ஏஏ! என் ரத்தம் மாறி ஒரு வருஷமாச்சு. என் எலும்புக்குத்தான் இன்னும் யாரும் தகவல் சொல்லல."

கெஹிண்டே சிரித்துவிட்டாள். டைவோ சிரிக்கவில்லை. அந்தத் தாளை நம்பி அபேக்கே மாத்திரையை நிறுத்தியதும், கிறிஸ்துமஸ் அன்று எல்லாரும் கோழி சாப்பிட்டபோது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பிறாண்டிக்கொண்டு கிடந்ததும் எல்லாருக்கும் தெரியும்.

"உனக்கு விசுவாசம் போதல, அதான்," என்றாள் டைவோ, மெல்ல.

"இருக்கலாம் அண்ணி. நாளைக்கு உங்களுக்கு ஒரு குழந்தை பொறந்து, அது ராத்திரியெல்லாம் வீறிட்டு அழுதா, அதுக்கும் விசுவாசம் போதலன்னு சொல்லுவீங்களா?"

தையல் மெஷின் நின்றது. கெஹிண்டே தங்கையின் கையைப் பிடித்தாள்.

"நானும் ஜெபம் பண்றவதான்டி. உனக்காகத் தினமும் பண்றேன். ஆனா ஒரு விஷயம் கேளு. உனக்கும் எனக்கும் ஒரே ரத்தம். உன் மேல கத்தரி பட்டுச்சு, என் மேல படல. வியாழக்கிழமை உன் சீட்டை எடுத்துக்கிட்டு நான் போறேன். மறுபரிசோதனையை எனக்குப் பண்ணட்டும்."

டைவோ யோசித்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"போ! தாராளமா போ! உன் ரத்தத்துல இன்னும் எஸ் இருக்கு. ஏஎஸ்னுதான் வரும். வந்தா நீங்க ரெண்டு பேரும் வாயைத் தைச்சுக்கணும்."

"ஏஏன்னு வந்தா?"

"வராது."

"வந்தா?"

"வந்தா நான் மேடையில ஏறுறேன்."

அடுத்த வியாழன். பரிசோதனைக் கூடாரத்தில் ஒலோன்யா என்ற ஐம்பது வயது மனிதர் இருந்தார். ஒரு காது உடைந்த மூக்குக்கண்ணாடி. வெள்ளைக் கோட்டில் நடுப் பொத்தான் இல்லை. விரலைக் குத்தினார், மெஷினை ஓட விட்டார். குர்ர்ர்.

கெஹிண்டேவுக்குப் பொத்தான் இல்லாத கோட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. "கழட்டிக் குடுங்கண்ணே. ஊசி நூல் எப்பவும் என்கிட்ட இருக்கும்."

"வேண்டாம்மா... உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"ரெண்டு நிமிஷம். குடுங்க."

அவள் தைப்பதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்காக யாரும் எதையும் செய்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும்.

"கல்யாணம் எப்போ?"

"பத்து நாள்ல."

"குழந்தை... பெத்துக்குவீங்களா?"

"பெத்துக்காம?"

ஒலோன்யா அவள் முகத்தைப் பார்க்காமல் தாளை நீட்டினார். ஏஏ. மூன்று முத்திரைகள். மை நன்றாகக் காய்ந்திருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும்: ஒரு நொடி கெஹிண்டேவுக்கே நெஞ்சு குதித்தது. அவ்வளவு அழகான தாள் அது. ஆசை என்பது அவ்வளவு கெட்டிக்காரத்தனமானது. மறுநொடி அவள் தலையை உதறிக்கொண்டாள்.

சாட்சி சொல்லும் நேரம். கெஹிண்டேயை மேடையில் ஏற்றினார்கள். எல்கானா ஒலிவாங்கியில் முழங்கினார்: "டைவோ! போன வாரம் ஏஎஸ்! இந்த வாரம்?"

"ஏஏ," என்றாள் கெஹிண்டே.

மத்தளம் முழங்கியது. கூட்டம் ஆடியது. ஒரு தண்ணீர்க்காரி மகிழ்ச்சியில் பொட்டலங்களை மேலே வீச, கீழே இருந்தவர்களுக்கு இலவச ஞானஸ்நானம் கிடைத்தது.

"ஆனா ஐயா," என்றாள் அவள், "நான் டைவோ இல்லையே."

கூட்டத்தின் நடுவிலிருந்து அதே முகம், அதே மஞ்சள் உடை எழுந்து வந்தது. டைவோ படியருகே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் ஏறினாள், சொன்ன சொல்.

"நீங்க வெட்டினது இவளை," என்றாள் கெஹிண்டே. "ஏஏ வந்தது எனக்கு. என் மேல உங்க கத்தரி படவே இல்ல."

மத்தளம் ஒரு அடி தவறியது. எல்கானா தவறவில்லை, அவர் தொழில்காரர்.

"கேட்டீங்களா ஜனங்களே! இரட்டையருக்கு ஆவி ஒண்ணு! ஒருத்தியை வெட்டினா ரெண்டு பேருக்கும் சுகம்! ஒரு காணிக்கை, ரெண்டு அற்புதம்!"

"ஆமென்!" முன்னைவிடப் பலமாக. கூட்டத்தில் இருந்த இன்னும் நாலு ஜோடி இரட்டையர், ஒரு ஆளுக்குக் கட்ட வேண்டிய காசை மிச்சம் பிடித்துவிட்டோம் என்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

அபேக்கே ஊன்றுகோலைத் தட்டியபடி மேடையருகே வந்தாள்.

"சரிங்க ஐயா. எனக்கு இரட்டை இல்ல. கத்தரி என் மேலயே பட்டுச்சு. இதோ உங்க தாளு, ஏஏ. கிறிஸ்துமஸ் பூரா ஆஸ்பத்திரியில கிடந்தேன். இப்பவே, இங்கேயே, எல்லாரும் பார்க்க அந்த மெஷினைக் கொண்டாந்து என் ரத்தத்தைப் பாருங்க. எதுவும் எழுதிக் குடுக்க மாட்டேன். பேரு கூடச் சொல்ல மாட்டேன்."

"கொண்டா மெஷினை!" என்றார் எல்கானா. ஒலோன்யா எப்போதும் ஏஏ எழுதுகிறவர்தானே. பயம் என்ன?

ஒலோன்யா மெஷினைச் சுமந்து வந்து மேசைமேல் வைத்தார். அபேக்கேயின் வீங்கிய விரல்களைப் பார்த்தார். குனிந்து, தன் கோட்டின் நடுப் பொத்தானைப் பார்த்தார். அதைத் தொட்டும் பார்த்தார்.

பிறகு வெள்ளைத் துணியை உருவினார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சாப்பாட்டுக்கடைக்கார அம்மாள் எழுந்தாள்.

"அடேய்! இது யாம் கிழங்கு மசிக்கிற மெஷின்டா! என் கடையில ரெண்டு இருக்கு!"

"ஆமாம்மா," என்றார் ஒலோன்யா. "வேற மெஷின் எதுவும் கிடையாது. ஏஏ தாளெல்லாம் காலையிலேயே எழுதி வெச்சிடுவோம். முதல் தாளுல அவங்க சொன்னதை எழுதுவேன். ரெண்டாம் தாளுல ஐயா சொன்னதை எழுதுவேன். என்னை மன்னிச்சிடுங்க."

"எங்க ரத்தத்தைக் கிழங்கு மெஷின்லயாடா போட்டே!"

"இல்லம்மா. ரத்தத்தைத் துடைச்சுத் தூர எறிஞ்சுடுவேன். மெஷின் சும்மாதான் ஓடும்."

யாரோ ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு ஒரு வரிசை. பிறகு மைதானமே. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், பாதிப் பேர் அழுதுகொண்டே. சிரிப்பு அடங்கியதும் கைகள் கல்லைத் தேடின. கெஹிண்டே எல்கானாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"அடிக்காதீங்க! அடிச்சா நாளைக்கு இவரு தியாகி ஆயிடுவாரு. நாற்காலி போட்டு உக்கார வைங்க. போலீஸ் வரட்டும். யாராவது அவருக்கும் ஒரு தண்ணிப் பொட்டலம் குடுங்க, வேர்த்துக் கொட்டுது."

உட்கார வைத்தார்கள். கீழே விழுந்த தங்கக் கத்தரிக்கோலை அவள் எடுத்து, உடையின் ஓரத்தில் தொங்கிய ஒரு நூலை வெட்டிப் பார்த்தாள். வெட்டவில்லை. மரபணுவை வெட்டின கத்தரி!

மறுவாரம் அகின்லாபியையும் அபேக்கேயையும் சேர்த்து நாலு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சகோதரிகள் இருவருக்கும் ஏஎஸ். கத்தரி பட்டவளுக்கும் அதுதான், படாதவளுக்கும் அதுதான். கதையைக் கேட்ட டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா கெஹிண்டே, நாங்க ஒரு புது மருந்தைச் சோதிக்க வருஷக்கணக்கா இதைத்தான் பண்றோம். ஒரு கூட்டத்துக்கு மருந்து குடுப்போம், இன்னொரு கூட்டத்துக்குக் குடுக்க மாட்டோம். கடைசியில ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். அந்த மரபணு வெட்டுற சிகிச்சையும் அப்படிப் படிப்படியா சோதிச்சு வந்ததுதான். இங்க வந்து சேர நாளாகும். விலை இறங்கணும். ஆனா வரும். அதுவரைக்கும் மாத்திரை இருக்கு. யாரும் அதை நிறுத்தாதீங்க."

அபேக்கே மாத்திரையை வாங்கிக்கொண்டாள். அங்கே நடக்கும் ஒரு புது மருந்து ஆராய்ச்சியில் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். "எனக்கு மருந்து கிடைக்குமா, வெறும் மாத்திரை கிடைக்குமான்னு முன்னாடியே சொல்ல மாட்டாங்களாம் அக்கா," என்று கெஹிண்டேயிடம் வியந்தாள். "தெரியாதுங்கிறதை இவ்வளவு மரியாதையா சொல்ற ஆளுங்களை நான் இப்பத்தான் பார்க்குறேன்."

திரும்பும் வழியில் டைவோ அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அபேக்கே... நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

"வலிக்கிறப்ப தோணும் அண்ணி. வலி நின்னதும் பசிக்கும். பொறந்ததுல எனக்குக் குறை இல்ல. என்கிட்ட பொய் சொன்னதுலதான் குறை."

கல்யாணம் மூன்று மாதம் தள்ளிப்போனது. டைவோவும் அகின்லாபியும் ஆஸ்பத்திரியின் ஆலோசனை அறையில் பல நாள் உட்கார்ந்து பேசினார்கள். மறுத்த போதகரும் ஒருநாள் கூட வந்து உட்கார்ந்தார், கேட்டார், குறித்துக்கொண்டார். உண்மையான தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரே கல்யாணத்தை நடத்தினார். குழந்தை விஷயத்தில் அவர்கள் எடுத்த முடிவு அவர்களுடையது. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு எடுத்தது. நூற்று நாற்பது நீல உடைகளும் ஆடின. அபேக்கே ஊன்றுகோலோடு ஆடினாள்.

ஒலோன்யா இப்போது கெஹிண்டேயின் கடையில் அளவு எழுதுகிறார். எழுதுவதற்கு முன்னால் நிஜமாகவே அளக்கிறார்.

எல்கானா சிறையில் இருக்கிறார். அவருடைய இடம் காலியாக இல்லை. தெற்கு எல்லையில் ஒருவர் சர்க்கரை நோயை உறிஞ்சும் புனிதக் குழாயோடு கிளம்பியிருப்பதாக வானொலி சொல்கிறது. போவதென்றால் போங்கள். ஆனால் அவர் சுகமானவர்களை மேடையில் வரிசையாக நிறுத்தும்போது, கை தட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: குழாய் படாதவர்கள் எங்கே, அவர்களுக்கு என்ன ஆயிற்று? கேட்டால் கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார். தலையைக் கொடுத்தவர் அவர்தான். அதைச் சுற்றி எவனோ காற்றை வெட்டிக்கொண்டிருக்கட்டும் என்று கொடுக்கவில்லை.