ஒளி படாத இடம்

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பது மணி வரை தூங்குவது என்று முடிவு செய்தேன். உலகத்தில் யார் யாரோ பெரிய பெரிய முடிவெல்லாம் எடுக்கிறார்கள். என்னால் முடிந்தது இதுதான்.

குறுக்கே நின்றது துடைப்பம். ஞாயிறன்று வீட்டைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. கல்யாணமான புதிதில், மாமனார் காதில் விழட்டும் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது. ஆறு நாள் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன்; ஏழாம் நாள் வீட்டைத் திருத்துகிறேன்.

ஆகவே, ஒரு புற ஊதா விளக்கு வாங்கினேன்.

"என்னங்க இது, டியூப்லைட்டுக்குத் தம்பியா?" என்றாள் மனைவி.

"கிருமிக்கு எமன். அரை மணி நேரம் எரிஞ்சா ரூமே சுத்தம். இனிமே பெருக்க வேணாம், துடைக்க வேணாம்."

"நாம எங்க இருக்கணும்?"

"வெளியில. கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது. கதவைச் சாத்தினா யாரும் உள்ள போகக் கூடாது."

"யாருமேவா?"

"யாருமே." கண்டிப்பாகச் சொன்னேன். இந்த வீட்டில் கண்டிப்பாகப் பேச எனக்கு எப்போதாவதுதான் வாய்க்கிறது.

அவள் மறுத்துப் பேசவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். பெட்டியிலிருந்த தாளை எடுத்துப் பிரித்தாள்.

"இதைப் படிச்சீங்களா?"

"ஊரார் எழுதினதை ஆறு நாளும் படிக்கிறேன். இதை வேறயா?"

"'ஒளி படாத இடத்தில் கிருமி ஒளியும்'னு போட்டிருக்கு. 'ஒழியும்'னு இருக்கணுமோ? எனக்குத்தான் இதெல்லாம் தெரியாதே."

தொழில் கர்வம் பொல்லாதது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பிழையே இல்ல. ஒழியும்னா செத்துப் போகும். ஒளியும்னா பதுங்கிக்கும். சரியாத்தான் போட்டிருக்கான்."

"அப்போ சோபாவுக்குக் கீழ பதுங்குமா?"

"பதுங்கும்."

"பீரோவுக்குப் பின்னால?"

"அங்கேயும்தான்."

"தூசிக்கு அடியில?"

"பின்னே?" என்றது என் வாய், என்னைக் கேட்காமலே.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று துடைப்பத்தை நீட்டினாள்.

அந்த ஞாயிறு, இத்தனை வருஷம் நகராத சோபா நகர்ந்தது. பீரோ நகர்ந்தது. முதுகும் ஏதோ ஓரிடத்தில் நகர்ந்தது. நடுவில் மட்டும் பெருக்கிவிட்டு 'ஆச்சு' என்று சொல்லிவந்த ஆள் நான். அன்று மூலை மூலையாகத் துடைத்தேன். பத்தரை மணிக்கு, கொஞ்சமாவது தூங்கலாம் என்று படுக்கையறைக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது.

"உள்ள விளக்கு எரியுது. யாருமே போகக் கூடாது" என்றாள்.

வாசலுக்கு வெளியே மாடிப்படியில் இருவரும் உட்கார்ந்தோம்.

"எங்க லேப்ல இதே விளக்குதான். துடைச்ச பிறகுதான் போடுவோம்" என்றாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டியா?"

"நான் சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன். அவள் வேலை செய்வது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலை ஆறு மணிக்கு முதல் ஆள் கையை நீட்டும்போது ஊசியோடு நிற்க வேண்டும். ஞாயிறன்று நான் பெருக்கும்போது அவள் ஒரு வாரத்துத் துணியைத் துவைப்பாள். இவள் எப்போதுதான் தூங்குகிறாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதை அவளிடமே சொல்லிவிடலாம் என்று திரும்பினேன்.

என் தோளில் சாய்ந்து, நான் விளக்கு வாங்கிச் சம்பாதித்த தூக்கத்தை அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.