யதிராவின் கல்யாண மணி

"போர்ட் பிசி" என்று திரை மறுபடியும் சொன்னது.

மாதா கோயில் அலுவலகத்தில் காசிமிரா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அப்போதும் பிசிதான். கோபுரத்து மணியை அடிப்பது இந்த லினக்ஸ் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரே வயர், அது செருகியிருந்த சீரியல் போர்ட்டை வேறு ஏதோ புரோகிராம் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

மதியம் அண்ணன் மகள் யதிராவுக்குக் கல்யாணம். தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் பிறகு பாதி ஊர் அண்ணன் வீட்டுப் படி ஏறுவதில்லை. கல்யாண மணி கணீரென்று கேட்டால் நாலு பேராவது மனம் இறங்கி வருவார்கள் என்று நம்பியிருந்தாள். காலி பெஞ்சுகளுக்கு முன்னால் பெண் எப்படி நிற்பாள்?

கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்து, வீட்டிலிருந்தபடியே அதைப் பார்த்துக்கொள்பவனே மாப்பிள்ளை நபோர். போன் போட்டாள். போர்ட்டைப் பிடித்திருக்கும் புரோகிராமைக் கொன்றுவிடச் சொன்னான். கொன்றாள்.

கோபுரத்தில் மணி ஒருமுறை விழுந்தது. நீண்ட மௌனம். இன்னொரு முறை. சாவு மணி.

ஃபாதர் எலிஹியோ அங்கியைப் பாதி மாட்டியபடி வந்தார். "யாரும்மா போயிட்டாங்க?"

"யாரும் போகல சாமி. ஒரு புரோகிராமைத்தான் கொன்னேன்."

"கல்யாண நாளும் அதுவுமாவா?"

செத்த புரோகிராம் திரையில் வேறு அடையாள எண்ணோடு பிழைத்து வந்திருந்தது. வயரைப் பிடுங்கிச் செருகும்படி நபோர் சொன்னான். செருகியதும் போர்ட்டின் பெயரே மாறிப்போனது. புதுப் பெயரில் கேட்டாள். பிசி. மணி மட்டும் துக்கமாக விழுந்துகொண்டிருந்தது.

ஜன்னலில் தோன் கிரிஸ்பின் தொப்பியைக் கழற்றினார். குழாய்ச் சண்டையில் அண்ணன்மேல் மண்வெட்டி ஓங்கியவர். கறுப்புச் சட்டை, கையில் மெழுகுவர்த்தி. பின்னால் அவர் மனைவி, துக்க வீட்டுக்கான இனிப்பு ரொட்டிக் கூடையோடு, யாருக்கென்று தெரியாமலே அழுதுகொண்டிருந்தாள். இந்த ஊரில் சாவு மணி கேட்டால் பகைக்கு விடுமுறை. வராதவன் வீட்டுச் சவப்பெட்டியை நாளைக்கு யார் தூக்குவது?

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போடச் சொன்னான் நபோர். போட்டதும், பெரிய மனிதர்களுக்கு அடிக்கும் நீண்ட துக்க மணி தொடங்கியது. மேட்டுத் தெரு மொத்தமும் சோளக்கஞ்சி அண்டாவோடு இறங்கி வந்தது. மேயர்தான் போய்விட்டார் என்று பேச்சு. மேயரும் வந்து, அப்படியா என்று விசாரித்தார்.

வாசலில் ஃபாதர் எல்லோரையும் மறித்தார். "வந்தது வந்துட்டீங்க. கல்யாணப் பூசை பாத்துட்டுப் போங்க." கூடையோடு வந்தவர்கள் திரும்பிப் போகக் கூசி உட்கார்ந்தார்கள்.

காசிமிரா மன்னிப்புக் கேட்கப் பக்கத்து அறைக்கு ஓடினாள். வெள்ளை உடையில் யதிரா, காதில் போனை வைத்தபடி, திரை இடுக்கு வழியாகக் கோயிலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, பின்னாடி இன்னும் ரெண்டு பெஞ்சு காலியா இருக்கு. நபோரை இன்னொரு தடவை சாவு மணி அடிக்கச் சொல்லட்டுமா?"