மாமனார் கையில் முளைத்த வட்டம்

படித்ததை உடனே காட்டிவிடத் துடிப்பவனைப் பெண் பார்க்க மட்டும் அனுப்பக் கூடாது. என்னை அனுப்பினார்கள்.

அப்போது நாமக்கல்லில் ஒரு ஆய்வுக்கூடத்தில், தோலில் வரும் பூஞ்சைகளை வளர்த்து இன்ன வகை என்று அடையாளம் சொல்லும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். (தரகரிடம் அப்பா 'டாக்டர் மாதிரி' என்று சொல்லி வைத்திருந்தார்.) செல்வியைப் பெண் பார்க்கக் கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்ற ஊர்ப்பக்கம் போன அன்று நல்ல மழை. ஒற்றையடிப் பாதையில் தொப்பலாக நனைந்து போய் நின்றேன். செல்வியின் அப்பா தன் துண்டைக் கொடுத்தார். அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பெண் பார்த்தேன். பிடித்துப்போயிற்று.

அடுத்து பூ வைக்க நாள் குறிக்கப் போனபோது, மாமனார் முழங்கையில் வட்டமாகப் படர்தாமரை. எனக்குக் கை பரபரத்தது.

"மாமா, கையைக் காட்டுங்க. ஓரத்துல கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கறேன்."

"மிளகு பாக்க வந்த யாவாரி மாதிரியே பாக்கறீங்களே மாப்பிள்ளை" என்று கையை நீட்டினார்.

செதிலைக் காகிதத்தில் மடித்து வந்து ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்தேன். வெள்ளைப் பஞ்சாகப் படர்ந்தது. திருப்பினால் அடியில் நல்ல மஞ்சள். நீலச் சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். இரண்டு முனையும் கூராக, தடித்த சுவரோடு, நூற்கும் கதிர் போல வித்துகள். பெரும்பாலும் பூனையிடமிருந்து ஒட்டும் வகை. இதைவிட்டால் என் பெருமையைக் காட்ட வேறு சமயம் ஏது?

பூ வைக்கும் அன்று, சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில் தொண்டையைக் கனைத்தேன்.

"மாமாவுக்கு இது பூனையால வந்துருக்குதுங்க. அந்தப் பூனைக்கு முதல்ல வைத்தியம் பாக்கணும்."

"எங்க ஊட்டுல பூனையே இல்லீங்களே" என்றார் மாமியார். "அக்கம்பக்கத்துலயும் நாய்தானுங்க."

"வித்து பொய் சொல்லாதுங்க" என்றேன், இடுப்பைச் சொறிந்துகொண்டே. (பெண் பார்க்கப் போகும் முன்பிருந்தே சொறிகிறேன். பெல்ட் உரசல் என்று நினைப்பு. ஊரார் தோலையெல்லாம் பார்க்கிறவன் சொந்தத் தோலைப் பார்க்கவில்லை.)

செல்வி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல பூனை இருக்குதுங்களா?"

தினமும் என் மடியில் தூங்கும் எங்கள் பூனை சிட்டு ஞாபகத்துக்கு வந்தது. பிறகு, இடுப்பில் கட்டியிருந்துவிட்டு மாமாவிடமே திருப்பிக் கொடுத்த அந்தத் துண்டு. வேலியில் போன ஓணானை நானே எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன். இந்தப் பெண் இனி நமக்கில்லை என்று அழுகையே வந்துவிட்டது.

மாமனார் தன் கையைப் பார்த்தார், என் இடுப்பைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை ஊட்டுச் சீரு எனக்கு முன்னாடியே வந்துருச்சுங்க. சீரை வாங்கிட்டுப் பொண்ணு இல்லைன்னா நல்லாருக்குமா? பூவை வைங்க."

கூடமே சிரித்ததில் பூத்தட்டு ஆடியது.

கல்யாணம் ஆயிற்று, இரண்டு வட்டமும் மருந்தில் மறைந்தன. ஆனால் இன்றும் எங்கள் சொந்தத்தில் எந்தப் பையன் பெண் பார்க்கக் கிளம்பினாலும், மாமியார் வாசலில் நிறுத்தி ஒன்றுதான் கேட்கிறார்:

"துண்டு எடுத்துக்கிட்டயா கண்ணு?"