இயற்கையைப் பார்த்து வரைந்த ஆகஸ்ட்

உலகத்தை ஆறே நாளில் அவசரமாகப் படைத்துவிட்டார் கடவுள். அதைத் திருத்தி அச்சிட எங்கள் ஆண்ட்வெர்ப் பட்டறைக்கு எட்டு மாதம் பிடித்தது. 'பன்னிரு மாதங்கள்: இயற்கையைப் பார்த்து வரைந்தது' என்பது அந்தச் செப்புத்தகட்டுப் பட வரிசையின் பெயர். கீழே உழவர்கள் வேலை செய்வார்கள். மேலே அந்தந்த மாதத்து ராசி மேகத்தில் வீற்றிருக்கும். சிம்மத்தின் வாலுக்காக மட்டும் மூன்று கூட்டம் போட்டோம். உழவர்களைப் பார்க்க யாரும் வயலுக்குப் போகவில்லை. அங்கே சேறு.

தகட்டில் செதுக்குவது தாளில் இடவலம் மாறி விழும். செதுக்குபவர் லாம்பெர்ட் எழுத்துகளை மறக்காமல் திருப்பிச் செதுக்கினார். வாங்குகிறவர்கள் படிப்பார்கள் அல்லவா? உழவர்களைத் திருப்பவில்லை. அதனால் ஆகஸ்ட் படத்தில், கன்னி ராசியின் காலடியில், அத்தனை பேரும் இடக்கையால் கோதுமை அறுத்தார்கள்.

படம் வாங்கிய பிரபு ஒருவர், "ஏன் இடக்கை?" என்று கடிதம் எழுதிக் கேட்டார். அவசரக் கூட்டம் கூடியது.

"தப்பு நடந்துபோச்சுன்னு எழுதிடலாமா?" என்றார் லாம்பெர்ட்.

"வாய மூடும்யா! நம்ம பட்டறையில தப்பு நடக்குமா?" என்ற முதலாளி வில்லெபோர்ட் என் பக்கம் திரும்பினார். "நீதான் லத்தீன் படிச்சவனாச்சே, எதையாவது எழுதி அனுப்பு."

அனுப்பினேன். கன்னி ராசிக்கு உகந்தது இடக்கை, அந்தக் கையால் அறுத்தால் கதிரில் மணி பெருகும் என்று. அப்பழுக்கில்லாத லத்தீன்.

அறுவடை பாதியில் இருந்தபோது அந்தப் பிரபுவின் உழவன் கோவெர்ட், வலக்கையில் துணிக்கட்டோடு பட்டறைக்கு வந்து நின்றான்.

"எல்லாரும் எடது கையாலதான் அறுக்கணும்னுட்டாருங்க பிரபு. கதிரப் புடிச்சிருந்த கையில அருவா பாஞ்சு ரெண்டு வெரலு போச்சு. இன்னும் பாதி வயலு நிக்குது, எம்பொஞ்சாதி அறுத்துக்கிட்டிருக்கா. படம் தப்புன்னு ஒத்த வரி எழுதிக் குடுங்கய்யா."

"படத்துல இருக்கிறவன் எவனாவது வெட்டிக்கிட்டானாடா?" என்றார் முதலாளி.

"அவன் தாளுல அறுக்கிறான் எசமான். நான் வயல்ல அறுக்கிறேன்."

எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தகட்டைப் பார்த்துக்கொண்டேன்.

முதலாளி புகாரை 'மிகுந்த அக்கறையுடன்' பரிசீலித்தார். கட்டை அவிழ்க்கச் சொல்லி, எந்தெந்த விரல் என்று குனிந்து பார்த்தார்.

"லாம்பெர்ட், ஆகஸ்ட் தகட்டுல கதிரப் புடிச்ச கையில இந்த ரெண்டு விரலையும் அழிச்சிடும். இயற்கையப் பாத்து வரைஞ்சதுன்னு போட்டிருக்கோம்ல!"

அழித்தாயிற்று. அந்த ஒற்றை வரியை மட்டும் நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டாம் பதிப்பு இயற்கைக்கு இம்மியும் மாறவில்லை என்று, பத்து விரலும் உள்ள நாங்கள் மூவரும் சான்றளித்துக் கையெழுத்திட்டோம். வலக்கையால்தான்.