தீமிதிக்கு முன் ஒரு பனிமிதி

பாதி சொன்னாலே முழுதும் புரிந்துகொள்கிறவன் என்று பெயரெடுத்த ஆள், மீதிப் பாதியைக் காதில் வாங்கவே மாட்டான். அப்படிப்பட்ட முட்டாளைத் தேடி ரங்கூன் முழுக்க அலைய வேண்டாம். பாலம் தாண்டி தன்லியினில் என் தோட்டத்துக்கு வந்தால் போதும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். மூட்டை தூக்கியே தோட்டம் வாங்கினேன். (படித்தவன் எவனாவது வாங்கினானா, விசாரித்துப் பாருங்கள்.) அம்மன் கோயில் தீமிதி அன்னதானத்துக்கு வருஷா வருஷம் என் கத்தரிக்காய்தான். சில வருஷங்களுக்கு முன், தீயில் முதல் ஆளாக இறங்கும் மரியாதையும் எனக்கே என்று கோயில் தலைவர் ஊ வேலு சொல்லிவிட்டார். ('ஊ' என்பது பர்மாவில் பெரியவர் பெயருக்கு முன் போடும் மரியாதை.) கையில் காப்பும் கட்டியாயிற்று. விரதம் முடியும்வரை மீன், கறி பக்கம் போகக் கூடாது.

அந்த நேரம் பார்த்து, காய்த்து நின்ற செடிகள் பச்சையாகவே தலை தொங்கின. தண்டை வெட்டி டம்ளர் தண்ணீரில் வைத்தால் பால் போல் நூல் நூலாக இறங்கியது. மண்ணில் கிருமி.

ஜப்பானில் வேலை பார்க்கும் மருமகன் சேகர் வீடியோவில் வந்தான். அவனுக்குப் பின்னால் வயல் முழுக்க வெள்ளை வெளேரென்று பனி.

"இங்க குளிர்காலத்துல மண்ணே உறைஞ்சுபோகும் மாமா. நிறையக் கிருமி செத்துப்போகும். ஆனா..."

போனை வைத்துவிட்டேன். ('ஆனா'வுக்குப் பிறகு படித்தவன் பேசுவதெல்லாம் வெட்டிப் பேச்சு.)

பனிக்குப் பதில் ஐஸ் வாங்கலாமென்று க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போனால், கரண்ட் இல்லாமல் ஐஸ் கம்பெனி மூடிக் கிடந்தது. மீன் பெட்டிகளைக் கவிழ்த்து, மிச்ச ஐஸைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மீனைத் தொட்டால்தானே விரதம் கெடும், ஐஸுக்கு என்ன என்று ஒரு வண்டி நிறைய ஏற்றி வந்தேன். பாத்தி முழுக்கப் பரப்பி, வெறுங்காலால் மிதித்து மண்ணுக்குள் இறக்கினேன்.

"என்னங்க, மீன் வாடை வருது" என்றாள் மனைவி பாக்கியம்.

"கிருமி சாகுற வாடை. உள்ள போ."

மறுநாள் காலை ஊ வேலு கூடையோடு காய் பறிக்க வந்தார். ஐஸ் கரைந்திருந்தது. பாத்தியில் ஏதோ சின்னச் சின்னதாக மினுங்கியது. ஊர்க் காக்கையெல்லாம் அங்கேதான்.

"என்னய்யா இதெல்லாம்?"

"செத்த கிருமி" என்றேன், மார்பை நிமிர்த்தி.

"இம்புட்டுப் பெரிசாவா?"

"நம்ம மண்ணு சத்தான மண்ணு."

அவர் குச்சியால் கிளறினார். ஒரு மீன் தலை புரண்டு எங்களைப் பார்த்தது.

"உன் கிருமிக்குக் கண்ணு வேற இருக்கேய்யா."

காப்பை அங்கேயே அவிழ்க்கச் சொன்னார். அந்த வருஷக் கத்தரிக்காய் தாகேதாவிலிருக்கும் என் சகலை வீட்டிலிருந்து போனது. தீயில் முதலில் இறங்கியவனும் அவனே. (வெயிலில் செருப்பில்லாமல் கடைக்குப் போகாதவன்.) நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம், பலூன்காரன் பக்கத்தில் நின்றேன்.

அன்று சாயங்காலம் சேகர் மீதியைச் சொன்னான்.

"ஆனா எல்லாம் சாகாது மாமா. மாசக்கணக்கா உறைஞ்சாலும் கொஞ்சம் ஆழத்துல பதுங்கிக் கிடக்கும். வெயில் வந்தா எந்திரிச்சிடும். நீங்க ஒரு ராத்திரி போட்ட ஐஸ், அதுக்கு பலூடா சாப்பிட்ட மாதிரி."

இப்போதும் ஒவ்வொரு குளிர்காலமும் அவன் பனியில் நின்றுகொண்டு கூப்பிடுவான். "மாமா, பூ மிதிக்க வேணாம், பனி மிதிக்க வாங்க." பாக்கியம் அடுப்படியிலிருந்து, "காப்புக் கட்டிக்கிட்டுப் போங்க" என்பாள்.

அந்தப் பாத்தியில் இன்றைக்கும் கத்தரி வைத்தால் வாடுகிறது. விரதம் கெட்டது எனக்கு மட்டும்தான். கிருமிக்கு ஒரு குறையும் இல்லை.