எண்பத்தாறு டிகிரியில் ஒரு கல்யாணக் கேக்

"ஆரின், ஹீட்டரை யாரு ஏத்துனது?" என்று பின்சீட்டிலிருந்து ஐலி கேட்டார்.

ஆரின் லிண்ட்விஸ்ட் திரையைப் பார்த்தார். துலூத் ஊரை விட்டுக் கிளம்பும்போது ஐம்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்திருந்தார். இப்போது எழுபது காட்டியது.

"கை பட்டிருக்கும்," என்று சொல்லி மறுபடி ஐம்பத்தைந்துக்கு இறக்கினார்.

வெளியே சுழியத்துக்குக் கீழே எட்டு. வலதுபக்கம் சுப்பீரியர் ஏரி ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. இன்னும் நாற்பது மைல் போனால் ஏரிக்கரை விடுதி. நாலு மணிக்கு அங்கே டெஸ்ஸாவுக்குக் கல்யாணம்.

டெஸ்ஸா ஆரினுடைய மனைவி மார்சிக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த பெண். ஒன்பது வருஷமாக அவரை "ஆரின்" என்றுதான் கூப்பிடுகிறாள். மரியாதைக் குறைவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மரியாதை. கல்யாணத்துக்கு அவரிடம் அவள் ஒப்படைத்த ஒரே வேலை இதுதான்: "கேக்கை மட்டும் பத்திரமா கொண்டு வந்துடுங்க. போதும்."

அந்தக் கேக் பின்னால் இருந்தது. மூன்றடுக்கு, முழுக்க வெண்ணெய்ப் பூச்சு. பெரிய இரண்டு அடுக்குகள் அட்டைப்பெட்டியோடு மடித்த சீட்டின் மேல். சின்ன அடுக்கு ஐலி கங்காஸின் மடியில். கேக் செய்தவர் அவரே. முப்பது வருஷமாக பேக்கரி நடத்துபவர். "என் கேக் தனியா எங்கயும் போகாது" என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டார்.

வண்டி வாங்கி மூன்று வாரம். மார்சி பெரிய வண்டியாக வாங்கச் சொன்னாள். ஆரின்தான் இந்தச் சின்ன எஸ்யூவியில் மயங்கிவிட்டார். சூடாகும் சீட்டு, முதுகு பிடித்துவிடும் சீட்டு, கதவுக்குக் கதவு மெல்லிய நீல விளக்கு, சாப்பாட்டுத் தட்டு அளவில் திரை, சொன்னால் கேட்கிற பெண்குரல். தபால் நிலையத்தில் உடன் வேலை செய்பவர்கள் அத்தனை பேரையும் ஒருமுறையாவது உட்காரவைத்துக் காட்டியிருந்தார்.

"எழுபத்திரண்டு," என்றார் ஐலி.

ஆரின் இறக்கினார். கையை எடுத்தார். அவர் கண்ணெதிரே எண் ஏறியது. அறுபது, அறுபத்தைந்து, எழுபத்தைந்து.

"நான் தொடல."

"தொடலங்கறது தெரியுது. இறக்குங்க."

"இறக்கிட்டுதான் இருக்கேன்."

"எழுபத்தஞ்சுல வெண்ணெய் நிக்காது, ஆரின். நான் ஃபின்லாந்துக்காரி, இந்தச் சூடெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல. வெண்ணெய் ஃபின்லாந்துக்காரி இல்ல."

விரல் வேண்டாம், வாயால் சொல்லிப் பார்ப்போம் என்று ஆரின் தீர்மானித்தார். திரையைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார். "குளிர் வேணும்."

"உங்களுக்குக் குளிர்வதாகச் சொல்கிறீர்கள்," என்றது பெண்குரல். "சீட்டைச் சூடாக்குகிறேன்."

"வேண்டாம்."

"நன்றி. பின்சீட்டையும் சூடாக்குகிறேன்."

ஐலி சீட்டில் நெளிந்தார். பிறகு சொன்னார். "எனக்கு அடில ரொட்டி வேகுது."

ஆரினுக்கு வேர்க்க ஆரம்பித்தது. ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கோட்டைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் போட்டார். திரையில் ஒரு அழைப்பு வந்தது. வீட்டிலிருந்து. வீட்டில் இருப்பது மார்சியின் அக்கா லோர்னா மட்டும். நேற்று வெயில் ஊரான அரிசோனாவிலிருந்து வந்தவள். பேச ஆரம்பித்தால் அரைமணி நேரம். ஆரின் அழைப்பை வெட்டினார்.

"ஜன்னலைத் திறக்கிறேன். நாலையும்," என்றார்.

"திறங்க."

நாலு கண்ணாடியும் இறங்கின. பனிக்காற்று காதை அறுத்தது. ஐலியின் கம்பளிக் கழுத்துத்துணி வெளியே பறந்து படபடத்தது. ஆனால் எண் இறங்கியது. அறுபத்தெட்டு, அறுபத்தொன்று, ஐம்பது. ஆரின் மூச்சு விட்டார்.

அப்போது நாலு கண்ணாடியும் ஒன்றாக மேலேறி மூடிக்கொண்டன.

"ஆரின்," என்றார் ஐலி. குரல் இறுகியிருந்தது. "என் துணி ஜன்னல்ல மாட்டிக்கிச்சு. திரும்ப முடியல."

ஆரின் பொத்தானை அழுத்தினார். கண்ணாடி அரை அங்குலம் இறங்கி உடனே ஏறியது. மறுபடி அழுத்தினார். இந்த முறை அசையவே இல்லை.

"கழுத்துலேந்து அவுத்துருங்களேன்."

"எந்தக் கையால? ஒரு கைல சின்னது, ஒரு கைல பெட்டி. விட்டா வளைவுல போயிடும்."

திரையில் எழுபத்தெட்டு. மறுபடி வீட்டிலிருந்து அழைப்பு. மறுபடி வெட்டினார். வெட்டிய கையோடு, வண்டி வாங்கிய கடையின் சர்வீஸ் ஆளுக்குப் போன் போட்டார். குர்ட் என்று பெயர். சாவகாசமாகப் பேசுகிறவன்.

"சொல்லுங்க மிஸ்டர் லிண்ட்விஸ்ட், வண்டி எப்படி ஓடுது?"

"எனக்கும் அதுக்கும் சண்டை ஓடுது. ஹீட்டர் தானா ஏறுது. ஜன்னல் தானா மூடுது. பின்னால ஒரு அம்மா கழுத்து மாட்டிக்கிட்டு இருக்காங்க."

"அவங்க பரவால்லையா?"

"கேக்கு பரவால்லையான்னு கேளு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"கம்ப்யூட்டர் குழம்பியிருக்கும்," என்றான் குர்ட். "ஓரமா நிறுத்தி அணைங்க. இறங்கிக் கதவைச் சாத்திட்டு ரெண்டு நிமிஷம் நில்லுங்க. நீங்க உள்ள இருந்தா அது தூங்காது."

டூ ஹார்பர்ஸ் ஊரைத் தாண்டி ஓர் இறக்கத்தில் ஆரின் வண்டியை ஓரம் கட்டினார். அணைத்தார். திரை கறுத்தது. இறங்கிக் கதவைச் சாத்தினார்.

சட்டையோடு நின்றார். முப்பது விநாடியில் காதுமடல் மரத்தது. ஐம்பதாவது விநாடியில் வண்டி தன் நாலு பூட்டையும் டக்கென்று போட்டுக்கொண்டது. அறுபதாவது விநாடியில் எஞ்சின் தானாகக் கிளம்பியது. உள்ளே நீல விளக்குகள் மெல்ல ஒளிர்ந்தன.

சாவி கோட்டுப்பையில். கோட்டு உள்ளே. போனும் உள்ளே.

ஆரின் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். திரையில் எண்பத்தாறு.

"கதவைத் திறங்க," என்று கத்தினார்.

"எதால?" என்று ஐலி வாயசைத்தது தெரிந்தது.

"சின்னதைக் கீழ வைங்க."

"எங்க வெக்கறது? எல்லா இடமும் அடுப்பா இருக்கு."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது வாரியடித்த பனி முழுக்க ஆரின் முதுகில் விழுந்தது. கை விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டு குதித்தார். இன்னும் இருபத்தைந்து மைல், ஒரு கேக், ஒன்பது வருஷத்தில் ஒரு வேலை. விடுதி வாசலில் டெஸ்ஸா நிற்பதையும், தன் கையில் கிண்ணம் கிண்ணமாக வெண்ணெய் இருப்பதையும் நினைத்துப் பார்த்தார். அதற்கு இங்கேயே உறைந்துவிடலாம் என்று தோன்றியது.

உள்ளே ஐலி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஆனால் வாரம் மூன்று நாள் ஏரிப் பனியை உடைத்து முங்கிக் குளிக்கிறவர். வலது காலின் பூட்ஸை இடது காலால் உதைத்துத் தள்ளினார். முன்சீட்டுகளுக்கு நடுவே காலை நீட்டினார். நீட்டினார், இன்னும் நீட்டினார். கழுத்து ஜன்னலில், கால் ஓட்டுநர் கதவில், நடுவில் கல்யாணக் கேக். சாம்பல் நிற காலுறைக்குள்ளிருந்து கட்டைவிரல் பூட்டுப் பொத்தானைத் தேடியது.

டக்.

ஆரின் பின்பக்கம்தான் ஓடினார். பின்கதவை மேலே தூக்கினார். அது ரீங்காரத்தோடு கீழே இறங்க ஆரம்பித்தது. அவர் உள்ளே கிடந்த பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்து நிறுத்தி முட்டுக் கொடுத்தார். கதவு அழுத்தியது. மண்வெட்டி வளைந்தது. இரண்டும் கொஞ்ச நேரம் யோசித்தன. கதவு விட்டுக்கொடுத்தது.

பிறகு பிளாஸ்டிக் பைகளில் பனியை அள்ளி அள்ளிப் பெட்டியைச் சுற்றி அடுக்கினார். ஐலியின் மடியிலும் ஒன்றை வைத்தார்.

"கழுத்துத் துணியை அவுத்து விடவா?"

"அது கெடக்கட்டும். ஓட்டுங்க," என்றார் ஐலி. "அடில அடுப்பு, மடில பனி. இப்படியே போனாத்தான் சரியா இருக்கும்."

மீதி வழி முழுக்க அப்படியே போனார்கள். முன்னால் எண்பத்தாறு, பின்னால் ஆர்க்டிக். பின்கதவு திறந்திருக்கிறது, பின்கதவு திறந்திருக்கிறது என்று பெண்குரல் சொல்லிக்கொண்டே வந்தது. நடுவில் சீட்டு ஆரினின் முதுகைப் பிடித்துவிட ஆரம்பித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துவிடக் கொடுத்தார். வீட்டிலிருந்து இன்னும் இரண்டு அழைப்பு வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விடுதி வாசலில் வண்டி நின்றபோது மணி இரண்டே கால். மார்சியும் டெஸ்ஸாவும் ஓடி வந்தார்கள். டெஸ்ஸா பாதித் தலை வாரியிருந்தாள், மீதித் தலையில் சுருட்டிகள் தொங்கின.

வேர்த்த முகத்தோடும் உறைந்த புருவத்தோடும் ஆரின் இறங்கினார். ஐலி கழுத்துத்துணியைக் கத்தரிக்கோலால் வெட்டச் சொல்லிவிட்டு, ஒற்றைப் பூட்ஸோடு இறங்கினார். ஆரினும் ஐலியும் மார்சியும் பெட்டியைத் திறந்தார்கள்.

கேக் நின்றுகொண்டிருந்தது. ஏரிப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஒரு பக்க ரோஜாக்கள் நாலு விரல் கீழே இறங்கியிருந்தன. ஆனால் நின்றுகொண்டிருந்தது.

"இருபது நிமிஷம் குடுங்க, நிமித்திடறேன்," என்றார் ஐலி.

டெஸ்ஸா கேக்கைப் பார்க்கவில்லை. முட்டுக் கொடுத்திருந்த மண்வெட்டியைப் பார்த்தாள். ஆரினின் சட்டை விறைத்துப் பலகையாக நிற்பதைப் பார்த்தாள்.

"இப்படியேவா ஓட்டிட்டு வந்தீங்க?"

"கொஞ்ச தூரம்தான்."

"இருபத்தஞ்சு மைல்," என்றார் ஐலி, கேக்கைத் தூக்கிக்கொண்டே.

டெஸ்ஸா தன் மேலிருந்த போர்வையை எடுத்து அவர் தோளில் போர்த்தினாள். நுனிகளைக் கழுத்துக்குக் கீழே இழுத்துச் சேர்த்தாள். "என்கூட நீங்கதான் நடந்து வரணும்," என்றாள். "சாயங்காலம். மேடைக்கு. அதுக்குள்ள செத்துடாதீங்க."

ஆரின் தலையை மட்டும் ஆட்டினார். தாடை உறைந்திருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து, காபியும் சூப்பும் உள்ளே போனதும், அவருக்குக் கோபம் வந்தது. குர்ட்டைக் கூப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் பேசினார். வண்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார். ஒரு அம்மாவைக் கழுத்தை நெரித்தது என்றார். திங்கள்கிழமை கொண்டுவந்து வாசலில் விடுவேன், திருப்பி எடுத்துக்கொள்ளாவிட்டால் வக்கீல் வருவார் என்றார். இப்படி ஒரு கோளாறு கேள்விப்பட்டதே இல்லை என்று குர்ட் ஏழு முறை மன்னிப்புக் கேட்டான். முதலாளியும் வந்து கேட்டார். திருப்பி எடுத்துக்கொள்வதாக இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

"பாத்தியா?" என்று மார்சியிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். "விடாம பேசினாத்தான் வேலை நடக்குது."

மூன்றரைக்கு மார்சியின் சித்தப்பா மகன் ஒருவரின் வண்டியில் லோர்னா வந்து இறங்கினாள். மேலே இரண்டு கோட்டு, அதற்கும் மேலே ஆரினின் குளியல் அங்கி. மூக்கு சிவந்திருந்தது. நேராக ஆரினிடம் வந்தாள்.

"எத்தனை தடவை கூப்பிடறது? போனை எடுக்கவே மாட்டியா? உன் வீட்டு ஹீட்டர் சுத்தமா கெட்டுப்போச்சு. சமையல்கட்டுல சார்ஜ் போட்டிருந்த டேப்லெட்ல காலைலேந்து ஏத்தறேன், ஏத்தறேன், எண்பத்தாறு வரைக்கும் வெச்சாச்சு, வீடு ஐஸ்பெட்டியாவே இருக்கு. சோபாவுக்குச் சூடு போட்டேன், அதுவும் இல்ல. ஜன்னல் திறந்திருக்கு, கதவு திறந்திருக்குன்னு அது வேற சொல்லிட்டே இருக்கு, நானும் மூடிட்டே இருக்கேன். ஆமா, கேக்கணும்னு இருந்தேன், இந்த ஊர்ல வீட்டு ஹீட்டருக்கு எதுக்கு கார் படம் போட்டு வெக்கறாங்க?"