சுளுக்குதான், ஒண்ணுமில்லை

டாக்டர், நோயாளி என்ற இரண்டு வகையைத் தவிர மூன்றாவதாக ஒரு வகை மனிதர் உண்டு. எண்ணிக்கையில் முதல் இரண்டையும் மிஞ்சியவர். அடுத்தவர் பிள்ளையின் கணுக்காலைக் கேட்காமலே கையில் எடுத்து, "சுளுக்குதான், ஒண்ணுமில்லை" என்று தீர்ப்புச் சொல்பவர். பார்த்ததில்லையா? உங்கள் தெருவில் ஒரு குழந்தை நொண்டட்டும், வருவார்.

சுங்குவார்சத்திரத்தில், ஆறு வாடகைக் குடித்தனம் இருக்கும் ஒரு காம்பவுண்டில் அவர் பெயர் பாண்டுரங்கன். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கேஜ் வைத்து அளக்காமல் ஒரு போல்ட்டை வெளியே விடமாட்டார். சந்தேகம் வந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரங்கட்டிவிடுவார். கணுக்காலுக்கு மட்டும் கட்டைவிரலே போதும்.

2012-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டு முத்துச்செல்வியின் ஒன்பது வயது மகள் இசக்கிசெல்வி, தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடும்போது கால் மடங்கி விழுந்தாள். வள்ளியூரிலிருந்து பிழைக்க வந்து செல்போன் கம்பெனி அசெம்பிளி லைனில் நிற்கும் முத்துச்செல்வி, பிள்ளையைத் தூக்கி நிறுத்திப் பார்த்தாள். கால் ஊன்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் செருப்பை மாட்டுவதற்குள் விளக்கெண்ணெயோடு பாண்டுரங்கன் ஆஜர்.

"இன்னா தங்கச்சி, இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? பாப்பா, விரல ஆட்டு. ஆட்டுறா பாரு! விரல் ஆடுச்சுன்னா எலும்பு ஒடையல."

"தொட்டாலே கத்துதாளே, அண்ணாச்சி."

"கத்தட்டும். நான் காலால பொறந்தவன்மா. ஒரு மிதி மிதிச்சா சுளுக்கு ஓடிப்பூடும்."

ஆம், தலைக்குப் பதிலாகக் காலை முதலில் நீட்டிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. நாற்பத்தாறு வருடத்துக்கு முன் பெற்ற தாய்க்குக் கொடுத்த தொல்லையை மருத்துவப் பட்டமாக மாற்றிக்கொண்டவர்!

காம்பவுண்டே கூடிவிட்டது. வேண்டாம் என்றால் அவருக்கு மரியாதைக் குறைச்சல். சரி என்றால் பிள்ளையின் கால் என்ன ஆகுமோ? பாண்டுரங்கன் வேட்டியை மடித்துக்கட்டிப் பாதத்தைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, நில்லுங்க. கம்பெனில கேஜ் வைக்காம போல்ட்ட பாஸ் பண்ணுவியளா?"

"அது போல்ட்டு, தங்கச்சி. தப்பாப் போச்சுன்னா கஸ்டமர் திருப்பி அனுப்பிடுவான்."

"இது என் பிள்ள. தப்பாப் போனா நான் யாருக்குத் திருப்பி அனுப்ப?"

தூக்கிய பாதம் அந்தரத்தில் நின்றது. யாரோ சிரித்தார்கள். முத்துச்செல்வி காலுக்கு அட்டை வைத்துத் துப்பட்டாவால் கட்டி, பிள்ளையைத் தூக்கி ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எலும்புல விரிசல் விட்டிருக்கு. சின்னப் பசங்களுக்கு மூட்டைக் கட்டியிருக்கிற ஜவ்வைவிட, எலும்பு வளர்ற நுனிக்குத்தான் பலம் கம்மி. நீவாம, மிதிக்காம கொண்டு வந்தீங்களே, அது நல்லது. இல்லேன்னா கால் கோணலா வளர்ந்திருக்கும்" என்றார்.

மாவுக்கட்டோடு திரும்பியவர்களைக் காம்பவுண்டு கேட்டிலேயே நிறுத்தினார் பாண்டுரங்கன். குனிந்தார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"கட்டு கொஞ்சம் லூசா கீதே. இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருக்கணும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் டாக்டர் சொன்னதைப் படித்த நிமிஷத்திலிருந்து, அடுத்து எந்தக் குழந்தை நொண்டினாலும் முதல் ஆளாக ஓடி, "சுளுக்கு இல்லைங்க, வளர்ற எலும்பு!" என்று சொல்லத் தயாராகிவிட்டீர்கள், இல்லையா? கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், சாமி. அந்த அம்மா ஆட்டோ பிடிக்க வேண்டும்.